தனி அடுப்பு

நேற்றுக் காலை நம் குடியிருப்பின் கீழ்த்தளத் தொட்டியில் முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் விழுந்தபோது நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நூம்பலுக்குக் குடிவந்த நாள் முதல் லாரித் தண்ணீரில் பருப்பு வேகாமல் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். மதுரைக்காரத் தோழி ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு, "இனிக்குதே! எந்த ஏரித் தண்ணியாம்?" என்று கேட்டார். சங்கச் செயலாளர் ஏரியின் பெயரைச் சொன்னார். "அதுதான் என் சொந்த ஊர்" என்றேன் நான். "ஏரிக்கரையிலயா?" என்றீர்கள். "இல்லை, ஏரிக்குள்ளே" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நாமெல்லாம் அறுபதை ஒட்டி நிற்பவர்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் என்று உங்களுக்கெல்லாம் பொங்கலுக்குப் பேருந்து ஏறிப் போக ஓர் ஊர் இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. அதற்காக வருத்தம் ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் அந்த ஊரில் நான் இருந்த கடைசிக் கோடை பற்றி யோசித்தால் எனக்குச் சிரிப்புத்தான் அதிகம் வருகிறது. காலையில் நாம் சேர்ந்து நடக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லி முடிக்கிற கதை அல்ல என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏரியின் உட்பக்கம் ஒரு மேட்டில் இருந்தது. ஏரி நிறைந்த வருடங்களில் மூன்று பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் வண்டிப்பாதை. கோடையில் தண்ணீர் பின்வாங்கி வெகுதூரம் போய்விடும். காய்ந்த ஏரிக்குள் ஊர்க்காரர்கள் வெள்ளரி போடுவார்கள். வண்டல் மண் வெடித்து வெடித்துத் தட்டுத்தட்டாக நிற்கும். அதைப் பெயர்த்தால் அடியில் ஈரமும் நத்தையும் ஒரு விதமான குளிர்ந்த நாற்றமும் இருக்கும். எங்களுக்கு அது நாற்றமாகத் தெரிந்ததில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் திரும்பி வரும்போதுதான் மூக்கைப் பொத்துவார்கள்.

சென்னைக்குக் குடிதண்ணீர் போதவில்லை, ஏரிக்கரையை உயர்த்திப் பெரிய நீர்த்தேக்கம் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு நான் பிறப்பதற்கு முன்பே இருந்ததாம். ஊரில் யாரும் நம்பவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் லாரிகள் வந்தபோதுதான் நம்பினார்கள். கரையின் மேல் சிவப்புக் கிராவலைக் கொட்டிக்கொண்டே இருந்தன. பின்னாலேயே ரோடு ரோலர் நாள் முழுவதும் முன்னும் பின்னும் உருண்டது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் காவி நிறத்தில் இருக்கும். மோரில் மண். தலைமுடியில் மண். பல்லைக் கடித்தால் நறநறவென்று சத்தம் கேட்கும். நாங்கள் பிள்ளைகள் அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தோம்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குக் கரைக்கு அந்தப் பக்கம், மதகுத் தண்ணீர் பாய்கிற இடத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. ஊர் முழுகினாலும் நிலம் முழுகாது. அதனால் அவர் அந்த வேலையை ஆவலாக வேடிக்கை பார்த்தார்.

"கர ஒசந்தா தண்ணி அதிகம். தண்ணி அதிகம்னா மூணு போகம். ஊடு போனா இன்னா? நெலம் கீதுல்ல?" என்பார்.

ஏரி இனி யாருக்கு என்பதை அன்று எங்கள் ஊரில் யாரும் யோசிக்கவில்லை. நைனா மட்டும் என்ன செய்வார்.

எங்கள் வீட்டில் நைனா, அம்மா, நான், அத்தை ஆகிய நான்கு பேர். அத்தை நைனாவின் தங்கை. பட்டாபிராம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வருடம் திரும்புவதற்குள் ஒரு நீலத் தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, இன்றுவரை நானும் கேட்டதில்லை. திரும்பி வந்து அழுதுகொண்டு உட்காரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலையில் வண்டிப்பாதையில் நடந்து, குமணன்சாவடி போய்ப் பேருந்து ஏறுவாள். திரும்பி வரும்போது அவள் புடவையில் இயந்திர எண்ணெய் வாசனை அடிக்கும். கையில் கடிகாரம் கட்டிய ஒரே பெண் எங்கள் ஊரில் அவள்தான். தொழிற்சாலை கேன்டீனில் கொடுக்கும் பன்னைத் தின்னாமல் எனக்காகக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவாள். அதிலும் அந்த எண்ணெய் வாசனை லேசாக இருக்கும். இப்போதும் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டால் எனக்குப் பன் நினைவு வருகிறது.

அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரே தட்டு. நைனா சாப்பிட்டுப் படுத்த பிறகு இரண்டு பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்து ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடுவார்கள். அத்தை தொழிற்சாலைச் சூப்பர்வைசர் போலப் பேசிக் காட்டுவாள். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறித் தலையில் தட்டிக்கொள்வாள்.

கோடை நடுவில் தலையாரி வீடு வீடாக வந்து ஒரு செய்தி சொன்னார். ஏரிக்குள் இருக்கிற குடும்பங்களுக்குப் பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மேட்டு நிலத்தில் மனை கொடுக்கப்போகிறார்கள். ஆளுக்கு ஒன்று இல்லை, குடும்பத்துக்கு ஒன்று.

"தனி ஊடு, தனி அடுப்பு கீதுன்னா தனிக் குடும்பம். ஒரே அடுப்புன்னா ஒரே குடும்பம். கணக்கெடுக்க ஆளு வர்றாங்கோ" என்றார்.

அன்று ராத்திரி நைனா சாப்பிடும்போது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் வேணா அந்த வண்டிக் கொட்டாய்ல தனியா ஆக்கித் துன்னுட்டுமா? எனக்கும் ஒரு மனை வரும்."

நைனா கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"இன்னா பேச்சு பேசற? எந்தங்கச்சி தனியா ஆக்கித் துன்றான்னா ஜனங்க இன்னா சொல்வாங்க? அண்ணங்காரன் தொரத்திட்டான்னு காறித் துப்ப மாட்டாங்க? என் ஊடு உன் ஊடு இல்லியா? உனக்கு எதுக்கு தனி எடம்?"

"இல்லண்ணா, கெடைக்கிறது கெடைக்கட்டும்னு..."

"வாணாம். உட்டுடு."

அவ்வளவுதான். நைனா சத்தமாகப் பேசக்கூட இல்லை. அவர் தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவர். அத்தை திரும்பி வந்தபோது ஊர் வாயை அடைத்தவர் அவர்தான். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வற்றிய ஏரியின் நடுப்பள்ளத்தில் மீன் பிடித்து நைனா விரால் கொண்டுவந்திருந்தார். அம்மா பெரிய மண்சட்டியில் குழம்பு வைத்து, இறக்கச் சொல்லி அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை துணி பிடித்துத் தூக்கினாள். சட்டி வாசற்படி அருகே விழுந்து உடைந்தது. புளியும் மீனும் வாசல் முழுக்க ஓடின. நான் வழக்கம்போல அம்மா, "கால்ல பட்டுச்சா?" என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஒரு சட்டிய தூக்கத் தெர்ல, உனக்கு கைல வாட்சு ஒரு கேடா?" என்றாள் அம்மா.

அத்தை திரும்பினாள். "தெனம் வேலைக்குப் போயி வந்து உன் ஊட்டு வேலையும் செய்றனே, அதுக்கு இது வேணும்."

"யாரு போவச் சொன்னா? இங்க குந்திகினு சட்டம் பேச வந்துட்டா."

"இது எங்கப்பன் கட்டுன ஊடு!"

"உங்கப்பன் உன்னக் கட்டிக்குடுத்து அனுப்பிச்சிட்டாரு. அங்க இருக்கத் துப்பில்ல. வாழாவெட்டிக்கு வாயப் பாரு!"

அந்த வார்த்தை ஊரில் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்கிற வார்த்தை. எங்கள் வீட்டுக்குள் அது வந்ததே இல்லை. அத்தையின் முகம் என்னவோ போல் ஆயிற்று. அம்மா விடவில்லை. உள்ளே போய் நீலத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் எறிந்தாள். பூட்டு திறந்து கண்ணாடி, பவுடர் டப்பா, ரிப்பன், மடித்த புடவைகள் எல்லாம் மீன் குழம்பில் விழுந்தன. அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். நான் ஓவென்று அழுதேன். வெளியே போயிருந்த நைனா ஓடி வந்தார்.

"இன்னாடி இது? இன்னா ஆச்சி?"

"அவ இருந்தா நான் இல்ல. உங்க தங்கச்சிய வெச்சிகினு நீங்களே ஆக்கித் துன்னுங்க."

"இனிமே இந்த ஊட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்றாள் அத்தை.

நைனா இருவருக்கும் நடுவில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பெரிய ஆள் அவர். மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவர். அன்று வாசலில் அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டார், மறுபடி எடுத்தார்.

இரண்டு நாள் சமாதானம் பேசிப் பார்த்தார். அம்மா அத்தை பெயரை எடுத்தாலே பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அத்தை பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டு, தொழிற்சாலைத் தோழியோடு கொரட்டூரில் வீடு பார்த்துக்கொண்டு போகப்போகிறேன் என்றாள். தங்கை தன்னந்தனியாக வெளியூர் போய்விட்டால் அதைவிட அவமானம் வேறில்லை. கடைசியில் நைனாவே வாசலுக்கு எதிரில் இருந்த வண்டிக் கொட்டகையைச் சுத்தம் செய்தார். அவரே மண் குழைத்து மூன்று பக்கமும் சுவர் வைத்தார். கதவுக்குப் பதில் ஒரு தட்டி. அத்தை உள்ளே போய் ஓர் அடுப்பு போட்டாள். அது காய்ந்ததும் அவள் தனியாகச் சோறு வடித்தாள். புகை எங்கள் வாசலைத் தாண்டி வந்தது. நைனா அதைப் பார்க்க முடியாமல் ஏரிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் சின்ன வயதில் வீட்டுச் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டதுண்டா? அத்தையோடு ஒரே பாயில் படுத்தவள் நான். இப்போது அம்மா பக்கத்தில் படுத்தால் தூக்கம் வராது. "அந்தப் பக்கம் போன, கால ஒடச்சிடுவேன்" என்று அம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். ஆனாலும் நான் போவேன். ஏரிக்குள்ளிருந்து வெள்ளரிப் பிஞ்சு பறித்துக்கொண்டு போய், "அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்று பொய் சொல்வேன். அத்தை பிஞ்சை வாங்கிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தோள் குலுங்கும். அத்தை அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அங்கிருந்து வந்து அம்மாவிடம், "அத்தை உங்கள கேட்டாங்க" என்பேன். அம்மா அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொள்வாள்.

அம்மா ராத்திரிகளில் வீட்டுப் பின்புறக் கல்லின் மேல் ஒரு கிண்ணம் வைப்பாள். கேட்டால், "நாய்க்கு" என்பாள். எங்கள் ஊர் நாய்க்கு மூடி போட்ட கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வயதில் அதெல்லாம் தோன்றுமா?

இதற்குள் ஊரில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு புதிய அடுப்பு முளைத்தது. அப்பனும் மகனும் பிரிந்தார்கள், அண்ணன் தம்பி பிரிந்தார்கள். கல்யாணமாகிப் பத்து நாள் ஆகாத ஒரு ஜோடியும் மாமியாரோடு சண்டை என்று மாட்டுத் தொழுவத்தில் அடுப்பு போட்டது. கணக்கெடுக்க வருகிறவரைப் பற்றி ஊரில் எல்லோரும் இளக்காரமாகப் பேசினார்கள். சின்னப் பையனாம், கண்ணாடி போட்டிருப்பானாம், நாலு அடுப்பைக் காட்டினால் எழுதிக்கொண்டு போய்விடுவானாம்.

வந்தவர் சின்ன வயதுக்காரர்தான். கண்ணாடியும் போட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. அவர் பேச்சைக் கேட்கவே பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடினோம். வீட்டுக்காரர்கள் சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு குனிந்து அடுப்புக்குள் கையை விட்டுப் பார்ப்பார். அதற்கு மேலே சுவரைத் தடவிப் பார்ப்பார். கையில் கரி படாவிட்டால் பேனாவை மூடிவிடுவார். ஒரு வீட்டில் புது அடுப்புக்குள் கையை விட்டவர், ஒரு கோழி முட்டையை எடுத்து வெளியே வைத்தார். "அடுப்புல சமையல் நடக்கலம்மா. கோழிதான் குடித்தனம் நடத்துது" என்றார். ஊரே சிரித்தது. அந்த வீட்டுக்காரர் உட்பட.

எங்கள் வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நைனா தலை குனிந்து நின்றார். அம்மா உள்ளே இருந்து வரவே இல்லை. அத்தை அன்று வேலைக்குப் போகாமல் கொட்டகை வாசலில் நின்றாள். அவர் உள்ளே போய்ப் பார்த்தார். சுவரில் கரி கெட்டியாக ஏறியிருந்தது. அடுப்பில் சாம்பல் இருந்தது. ஆனாலும் முட்டை எடுத்த கை அல்லவா, நம்பிக்கை வரவில்லை போலும். வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் கூட்டத்தில் நான் இந்த வீட்டுப் பெண் என்பதை யாரோ காட்டிக்கொடுத்தார்கள். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒங்க அத்தை எங்க வச்சுச் சாப்பிடுதாவ? உண்மையச் சொல்லணும்."

"கொட்டாய்ல."

"ராத்திரி? ராத்திரி ஒங்க வீட்டுல வந்து எல்லாரும் சேந்து சாப்பிடுவீயளோ?"

அந்த 'எல்லாரும் சேந்து' என்பதைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இல்ல சார்... அம்மா அத்தைய தொரத்திட்டாங்க. பொட்டிய தூக்கிப் போட்டாங்க. அத்தை பவுடர் எல்லாம் கொழம்புல விழுந்துட்ச்சி. யாரும் பேச மாட்டேன்றாங்க சார். நைனா சொன்னாலும் கேக்க மாட்டேன்றாங்க. நீங்க ஆபீசர்தான? நீங்க சொல்லி சேத்து வையுங்க சார்."

சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழப்படாது, அழப்படாது. பெரியவங்க சண்டை, சரியாப் போயிரும்" என்றார். எழுந்து நைனாவைப் பார்த்து, "புள்ள மனசு ரொம்ப நொந்துபோயிருக்கு, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தனிக் குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். நைனா துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். ஊரில் பிரிந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் அவர் கணக்கில் மறுபடி ஒரே குடும்பம் என்று ஆயின. அத்தை தனி என்று ஆனாள். அந்த ஆபீசர் சேர்த்து வைப்பார் என்று நான் பல நாள் வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்கு முன் காலி செய்ய வேண்டும் என்றார்கள். ஊர் கிளம்பிய விதம் திருவிழா மாதிரியும் இருந்தது, இழவு மாதிரியும் இருந்தது. மாரியம்மனை மாட்டுவண்டியில் வைத்து மேளம் அடித்துக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தின் ஓடுகளை இறக்கி அடுக்கி லாரியில் ஏற்றினார்கள். கூரை இல்லாத பள்ளிக்கூடத்துக்குள் வெயில் நேராக விழுந்தது. கரும்பலகை அவ்வளவு பழுப்பு என்பது அன்றுதான் தெரிந்தது. நைனா எங்கள் வீட்டின் உத்தரங்களையும் கதவையும் பிரித்தெடுத்தார். எனக்கென்று இருந்த ஒரு மரப்பாச்சியைச் சுவர் மாடத்தில் வைத்திருந்தேன். ஞாபகம் வந்தபோது நெடுஞ்சாலைக்கே வந்துவிட்டோம். திரும்பிப் போக யாருக்கும் நேரமில்லை. அது தண்ணீரில் மிதந்து எங்காவது ஒதுங்கியிருக்கும்.

புது இடம் ஒரு பொட்டல். முள்செடியும் சரளைக்கல்லும்தான். நிழல் என்றால் மின்கம்பத்து நிழல். ராத்திரி முழுவதும் பெங்களூர் லாரிகள் காதுக்குள்ளேயே ஓடுவது போல் இருக்கும். எங்கள் மனை ஒரு கோடியில், அத்தையின் மனை மறு கோடியில். அத்தை தன் சம்பளத்தில் ஓர் அறை கட்டினாள். செங்கல் சுவர், மேலே கல்நார் ஓடு. நைனா விறைப்பாகத் தினமும் போய்க் கொத்தனாருக்கு உதவி செய்தார். தங்கை இப்படித் தனியாகப் போக நேர்ந்ததே என்ற வேதனை அவர் முகத்தை விட்டுப் போகவே இல்லை.

பால் காய்ச்சுகிற அன்று நைனா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். அம்மாவைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் வரமாட்டாள் என்று நினைத்தார். நாங்கள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. அம்மா நின்றாள். தலையில் பூ. கையில் ஒரு புது மண்சட்டி.

"தோ பார்றி, சட்டி. இதையாவது ஒடைக்காம வெச்சிக்கோ" என்றாள்.

அத்தை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அம்மா அழ ஆரம்பித்தாள்.

"அந்த ஒரு வார்த்த... அத நாம பேசி வெக்கலடி. வாய்ல வந்துட்ச்சி."

"நீ அத சொல்லலன்னா அண்ணன் நம்பியிருக்க மாட்டாரு அண்ணி. உடு."

அத்தை அப்படித்தான் சொன்னாள். மனதுக்குள் அது ஆறியதா என்று எனக்குத் தெரியாது. ஆறாத வார்த்தைகளோடும் ஆட்கள் சிரித்துக்கொண்டு சேர்ந்திருக்க முடியும் என்பது பெரியவளான பிறகு தெரிந்தது.

நைனாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பால் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தச் சண்ட?"

அம்மா புதுச் சட்டியை அடுப்போரம் வைத்தாள்.

"சொவரு நான் வெச்சேன். என் கையால வெச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

"கேட்டேனேண்ணா" என்றாள் அத்தை. மெதுவாகத்தான் சொன்னாள். "சோறு துன்றப்ப கேட்டேன். ஜனங்க இன்னா சொல்வாங்கன்னீங்க."

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். குமணன்சாவடி டீக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். சில வாரங்கள் இருவரிடமும் அளந்து அளந்து பேசினார். பிறகு ஒருநாள் அத்தை வீட்டுக்கு ஒரு வேப்பங்கன்றைத் தூக்கிக்கொண்டு போய் நட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான் அவர் சமாதானம்.

நானும் கோபித்துக்கொண்டேன். என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையைக் கோதினாள்.

"உங்கிட்ட சொல்லியிருந்தா நீ அப்டி அழுதிருப்பியா கண்ணு?"

சாப்பிட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஊரெல்லாம் புதுக்கரைமேல் ஏறிப் பார்க்கப் போனோம். முதலில் சுவர்கள் தெரிந்தன. அடுத்த முறை போனபோது புளியமரத்தின் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் அவ்வளவு அமைதியாக இருந்தது. மேலே நீர்க்காக்கைகள் உட்கார இடம் தேடிச் சுற்றின. பெண்கள் சிலர் அழுதார்கள். நைனா மட்டும் உபரித் தண்ணீர் வழிகிற இடத்தைக் காட்டி, "கலங்கல் வரைக்கும் வந்துட்ச்சி. இந்த வருசம் நம்ம நெலத்துல பாரு" என்றார்.

அந்த வருடம் நன்றாகத்தான் விளைந்தது. அதற்கடுத்து மதகு திறக்கிற நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. நகரம் வளர வளர எங்களுக்கு வந்த தண்ணீர் நகரத்துக்குப் போனது. யாரும் வந்து இனி இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பருவம் தாமதம், அடுத்த பருவம் இன்னும் தாமதம், பிறகு நிலத்தில் முள் முளைத்தது. நைனா நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஷெட்டில் காவலுக்குப் போனார். எங்கள் பொட்டல் மெல்ல மெல்லத் தெருவானது, கடையானது, எடைமேடையும் பிரியாணிக் கடையும் வந்தன. இன்று நீங்கள் அந்த வழியாகப் போனால் அதை ஓர் ஊர் என்றே சொல்ல மாட்டீர்கள், சிக்னலுக்கு நிற்கிற இடம் என்பீர்கள். நிலத்தையும் விற்றோம். அதில் நிற்பதும் நம்முடையதைப் போன்ற ஓர் அடுக்குமாடிதான். அங்கே யாரோ நம்மைப் போல நடந்துகொண்டிருப்பார்கள்.

அத்தை ஓய்வு பெறும் வரை அம்பத்தூருக்குப் போய்வந்தாள். ஓர் அறை மூன்று அறையானது, மேலே ஒரு மாடி ஏறியது. மாடியில் கணினி வேலைக்காரப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அம்மா தினமும் மதியம் வேலை முடித்ததும் காலனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போவாள். கொஞ்சம் பொடி கொடுக்க, சல்லடை வாங்க என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். சாயங்காலம் நைனா வருவதற்குள் திரும்பிவிடுவாள். நைனா சாகும் வரை அப்படித்தான்.

நைனா போன பிறகு நான் அம்மாவை இங்கே, நூம்பலுக்கு அழைத்து வர ஏற்பாடு செய்தேன். என் கணவரும் நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். அறையைத் தயார் செய்து, காரோடு போய் இறங்கினால் அம்மா பையைக் கட்டி வைத்துக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் இங்கியே இருந்துக்கறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "பெத்த பொண்ணு நான் இருக்கேன். அத்தைக்கும் வயசாச்சு. அவங்களுக்கு எதுக்கு இந்தச் சுமை? அன்னைக்கு அவங்களுக்காக நீங்க சண்டை போட்டீங்க, அதுக்குப் பதிலா இன்னைக்கு அவங்க உங்களை வெச்சுக்கணுமா?"

அம்மா பையைத் தள்ளி வைத்தாள்.

"அவளுக்காகன்னா நெனச்சிகினு கீற? இத்தன வருசமா?"

"பின்னே?"

"உங்க நைனா நல்லவரு. என்ன ஒரு நாள் கை நீட்டுனதில்ல. ஆனா நல்லவரு ஊடும் அவரு ஊடுதான? எங்கம்மா ஊடு எங்கண்ணன் ஊடாயிட்ச்சி. தோ, உன் ஊடு உன் ஊட்டுக்காரரு ஊடு. கோச்சிகினு கெளம்பினா நான் எங்க போவேன்? ஒரு பொம்பள பேர்ல ஒரு ஊடு இருந்தா போவலாம்ல? அதான் அவள கெளப்பி உட்டேன்."

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன். நைனாவும் அம்மாவும் பெரிதாகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

"எப்பயாவது கோச்சிகிட்டு வந்தீங்களாம்மா?"

"இல்ல" என்றாள் அம்மா. "வர்றதுக்கு எடம் இருந்துது. அதனால கோவம் அவ்ளோ தூரம் வர்ல."

உள்ளேயிருந்து அத்தை, "அண்ணி, வெந்நீ காஞ்சிட்ச்சி, ஆறிடப் போவுது" என்று குரல் கொடுத்தாள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், அத்தை காட்டிய அறையில் வைத்தேன்.